குருவிக்காக இருண்ட ஊர்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். நாட்டுப்புறத்து உயிர்களைப் பெரிதும் காப்பது சட்டமா, ஊர் மக்களின் மனமா? மனமே என்று பேச வந்திருக்கிறேன். நேரே பொத்தகுடிக்குப் போய்விடுவோம்.

சிவகங்கை மாவட்டத்துச் சிற்றூர் அது. ஏறக்குறைய நூறு குடும்பங்கள். 2020-ஆம் ஆண்டு, ஊரடங்குக் காலம். தெருவிளக்குகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே சுவிட்சுப் பெட்டி. மாலைதோறும் விளக்குப் போடுகிற இளைஞர் ஒருநாள் பார்க்கிறார், பெட்டிக்குள் ஒரு குருவி கூடு கட்டிக்கொண்டிருக்கிறது. பிறகு பார்த்தால் முட்டைகள். கையை விட்டால் கூடு கலையும். கையை எடுத்தால் ஊர் இருளும். அவர் கையை எடுத்தார்!

எடுத்த கையோடு படம்பிடித்து வாட்ஸ்அப்பில் ஊராருக்கு அனுப்பினார். எல்லாரும் உடனே தலையாட்டிவிடவில்லை. ஒரு குருவிக்காக ஊரே இருட்டில் கிடப்பதா என்று கேட்டவர்களும் உண்டு. பேசினார்கள், இசைந்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட விளக்குகள், ஒரு மாதத்துக்கு மேல் எரியவில்லை. முட்டை பொரிந்து, குஞ்சுக்கு இறகு முளைத்து, அது பறந்த பிறகுதான் தெருவில் வெளிச்சம் வந்தது.

இதைத்தான் எதிரணி நண்பர், "குருவியைக் காப்பாற்றினார்களோ இல்லையோ, மின்கட்டணத்தை மிச்சம் பிடித்தார்கள்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். தட்டிய கைகளைக் கேட்கிறேன்: உங்கள் தெருவிளக்குக்கு நீங்களா பணம் கட்டுகிறீர்கள்? ஊராட்சி கட்டுகிறது. பொத்தகுடியில் எந்த வீட்டுக்கும் ஒரு ரூபாய் மிச்சமில்லை. ஆனால் இருட்டு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இருந்தது. பாம்பு ஊரும் கிராமத்துத் தெரு, நடுவர் அவர்களே! முதியவர் ஒருவர் இரவில் எழுந்து வெளியே போக வேண்டும். தாய் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடக்க வேண்டும். ஒருநாள் மின்வெட்டுக்கே மின்வாரியத்துக்குப் போன் போடுகிற நாம், அவர்களைக் கஞ்சர்கள் என்பதா?

அதே மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டி இருக்கிறது கொள்ளுக்குடிப்பட்டி. கண்மாய்க்கு வந்து குஞ்சு பொரிக்கும் நாரைகள் மிரளக் கூடாதென்று பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி கிடையாது. திருமணத்துக்கும் திருவிழாவுக்கும்கூடக் கிடையாது. நண்பர் இதையும் சிக்கனம் என்பாரோ? பெரியவர்களை விடுங்கள். பக்கத்து ஊர் வெடிச்சத்தத்தைக் கேட்டபடி வெறுங்கையோடு நிற்கிற ஏழு வயதுப் பிள்ளைக்கு என்ன சிக்கனம் தெரியும்? "குஞ்சு பயந்துவிடும்" என்பதுதான் தெரியும்.

சட்டம்தான் காக்கும் என்பதற்குப் பாறு கழுகுகள் பெருமளவில் அழிந்த கதையை நண்பர் சொன்னார். உண்மைதான். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலிநீக்கி ஊசி, செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. மாட்டுக்கு அதைப் போட 2006-இல் தடை வந்தது. வந்த பிறகும் மனிதருக்கான பெரிய குப்பிகள் தொழுவத்துக்குப் போய்க்கொண்டே இருந்தன. அதனால் 2015-இல், ஒரு குப்பி மாட்டுக்குப் போதாதபடி, மனிதருக்கான குப்பியின் அளவையே 3 மில்லிலிட்டராகக் குறைக்க வேண்டியதாயிற்று. தொழுவத்தில் நின்று "அந்த ஊசி வேண்டாம்" என்று சொல்ல ஒரு மனிதர் வேண்டும், ஐயா.

என் பாட்டி அப்படி ஒருத்தி. சட்டப் புத்தகத்தைக் கண்ணால் கண்டதில்லை. அறுவடை முடிந்ததும் முதல் கதிர்க்கொத்தைத் திண்ணை உத்தரத்துக் கொக்கியில் கட்டித் தொங்கவிடுவாள். சிட்டுகள் கொத்திக் கொத்தித் தரையெல்லாம் உமி. "ஏன் ஆத்தா குப்பை?" என்று கேட்டேன். "விளைந்ததில் அதுகளுக்கும் பங்கு இருக்கிறதடா" என்றாள். அவள் போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. வீட்டை இடித்துக் கட்டியபோது கொத்தனார் அந்தக் கொக்கியைத் தூக்கிப் போடப் பார்த்தார். வாங்கி வைத்திருக்கிறேன். புதுக் கான்கிரீட் கூரையில் அதை மாட்ட இன்னும் இடம் தேடிக்கொண்டிருக்கிறேன், நடுவர் அவர்களே.