'விரைவில்' என்றால் எத்தனை நாள்?

அனைவருக்கும் வணக்கம்.

"பிசினஸ் அனலிஸ்ட் ஆக கோடிங் தெரிய வேண்டுமா?" ஒரு நிறுவனத்துக்கு என்ன தேவை என்று கேட்டறிந்து, மென்பொருள் உருவாக்குபவர்களுக்குத் தெளிவாக எழுதிக் கொடுக்கும் இந்த வேலைக்கு வர நினைப்பவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டாலும் குடி முழுகிவிடாது. ஆனால் அதைவிடச் சிரமமான ஒன்று கட்டாயம் தெரிய வேண்டும். இரண்டு பேர் படித்தாலும் ஒரே பொருள் தருகிற வாக்கியத்தை எழுதத் தெரிய வேண்டும். சுலபமாகத் தோன்றுகிறதல்லவா? ஒன்றை எழுதிப் பார்ப்போம்.

இணையத்தில் பொருள் விற்கும் ஒரு நிறுவனம் நம்மிடம் சொல்கிறது: "வாடிக்கையாளர் ஏழு நாளுக்குள் பொருளைத் திருப்பி அனுப்பினால், பணம் விரைவில் அவருக்குக் கிடைக்க வேண்டும்." கேட்டவுடன் புரிந்துவிடுகிறது. ஆபத்தே அதுதான்.

ஏழு நாள் எந்த நாளிலிருந்து? ஆர்டர் போட்ட நாளா, பொருள் கைக்கு வந்த நாளா? ஏழாம் நாள் இரவு பதினொன்றரைக்குக் கோரிக்கை வைத்தால் செல்லுமா? விற்பவரும் வாங்கியவரும் வேறு வேறு நாட்டில் இருந்தால் யாருடைய கடிகாரப்படி? 'திருப்பி அனுப்பினால்' என்பது பார்சலைக் கொடுத்த நேரமா, கிடங்கில் வந்து சேர்ந்த நேரமா, பிரித்துச் சரிபார்த்து முடித்த நேரமா? 'விரைவில்' என்றால் எத்தனை நாள், விடுமுறையைச் சேர்த்தா, விட்டா?

இன்னும் ஒரு படி உள்ளே போவோம். ஒருவர் மூன்று பொருள் வாங்குகிறார். விலை 1000, 600, 400. மொத்தம் 2000. '1500க்கு மேல் வாங்கினால் 200 தள்ளுபடி' என்ற கூப்பனைப் போட்டு 1800 கட்டியிருக்கிறார். இப்போது 600 மதிப்புள்ள பொருளை மட்டும் திருப்பி அனுப்புகிறார். எவ்வளவு கொடுக்க வேண்டும்?

பொருளின் விலை 600, அதை அப்படியே கொடுக்கலாம். தள்ளுபடியை விகிதப்படி பிரித்தால் அந்தப் பொருளின் பங்கு 60, அப்போது 540. இல்லை, அவரிடம் மிச்சம் இருப்பது 1400க்கான பொருள்தான், கூப்பனுக்கே தகுதி போய்விட்டது என்று பார்த்தால், கட்டிய 1800இல் 1400 கழித்து 400. ஆக, 600, 540, 400. மூன்றுக்கும் நியாயம் உண்டு. இதில் எது என்று தீர்மானிப்பது டெவலப்பரின் வேலை இல்லை. அனலிஸ்டின் வேலையும் இல்லை என்பதைக் கவனியுங்கள். முடிவு நிறுவனத்துடையது. மூன்று விடைகளையும் கணக்கோடு அவர்கள் முன் வைத்து, அவர்களிடமிருந்து ஒரு முடிவை வாங்கி, யார் எப்போது முடிவு செய்தார்கள் என்று குறித்து வைப்பதுதான் நம் வேலை. கேட்காமல் விட்டால் என்ன ஆகும்? டெவலப்பர் 540 என்று எழுதுவார், டெஸ்டர் 600 என்று சோதிப்பார், கணக்குத் துறை 400ஐ எதிர்பார்க்கும். மூவரும் கையில் வைத்திருப்பது ஒரே ஆவணம்.

இப்படித் தெளிவான முடிவுகள் கைக்கு வந்த பிறகு அவற்றை எழுதும் வடிவம் பெரிய வித்தை இல்லை. ஒரு தேவையைப் பயன்படுத்துபவரின் பக்கமிருந்து சுருக்கமாகச் சொல்வது யூசர் ஸ்டோரி. அதில் யாருக்கு, என்ன, எதற்காக என்ற மூன்று பகுதிகள். கீழே அக்செப்டன்ஸ் கிரைட்டீரியா, அதாவது வேலை சரியாக முடிந்தது என்று ஏற்பதற்கான நிபந்தனைகள்: இருக்கும் நிலை, நடக்கும் செயல், வர வேண்டிய விளைவு. புதிதாக வருபவர்கள் 'எதற்காக' என்ற பகுதியில் 'என்ன' என்ற பகுதியையே வேறு சொற்களில் திருப்பி எழுதிவிடுவார்கள். 'பணம் திரும்பப் பெறுவதற்காகப் பணம் திரும்பக் கேட்க வேண்டும்' என்று இருந்தால் அங்கே காரணம் இன்னும் கேட்கப்படவில்லை என்று பொருள். இப்போது ஏஐ கருவிகள் நொடியில் பத்து ஸ்டோரி எழுதித் தருகின்றன. நடையும் நன்றாகவே இருக்கிறது. நிறுவனத்துக்குள் இன்னும் எடுக்கப்படாத முடிவு அவற்றுக்கு எப்படித் தெரியும்?

அடுத்து, கேட்கும் கலை. "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டால் மக்கள் தேவையைச் சொல்ல மாட்டார்கள், தீர்வைச் சொல்வார்கள். "இந்தத் திரையில் எக்ஸெல் டவுன்லோடு பட்டன் வேண்டும்" என்பார்கள். டவுன்லோடு செய்து என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். "வங்கி அனுப்பும் பட்டியலோடு ஒவ்வொரு வரியாக ஒப்பிடுவேன்" என்று பதில் வரும். அவருக்குத் தேவை பட்டன் இல்லை. பொருந்தாத வரிகளை மட்டும் காட்டும் ஓர் அறிக்கை. மேலாளர், வேலை எப்படி நடக்க வேண்டுமோ அப்படிச் சொல்வார். அதைச் செய்பவர் அருகில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால்தான் எப்படி நடக்கிறது என்பது தெரியும். திரையின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் குறிப்புச் சீட்டு, அவர் தனக்கென்று வைத்திருக்கும் எக்ஸெல் தாள், இவற்றைப் பார்த்தால் விடாதீர்கள். இருக்கிற சிஸ்டத்தில் ஓட்டை எங்கே என்பதை அவை காட்டிக் கொடுத்துவிடும். கூட்டம் முடிந்த அன்றே குறிப்பை அனுப்பிவிடுங்கள்: முடிவானவை, முடிவாகாத கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர், தேதி. இரண்டு நாள் கழித்து அனுப்பினால் "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்பார் ஒருவர்.

ஒரு வேலை படிப்படியாக நடக்கும் விதத்தைப் படமாக வரைய பிபிஎம்என் என்ற குறியீட்டு முறை இருக்கிறது. குறியீடுகள் ஏராளம், ஆரம்பத்தில் நான்கு போதும்: தொடக்கம், முடிவு காட்டும் வட்டம், வேலைக்குச் செவ்வகம், முடிவெடுக்கும் இடத்துக்குச் சாய்சதுரம், யார் செய்கிறார் என்று காட்டும் நீள்பட்டை. வரைந்த பிறகு 'நிராகரிக்கப்பட்டது' என்று கிளம்பும் அம்புக்குறி எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அந்தரத்தில் நிற்கும்.

தரவுத்தளத்திலிருந்து தகவலைக் கேட்டு எடுக்கும் மொழியான எஸ்க்யூஎல் கற்றுக்கொள்ளுங்கள். தகவலை எடுக்கும் செலக்ட், இரண்டு டேபிளை இணைக்கும் ஜாயின், வகைவாரியாகத் தொகுக்கும் குரூப் பை வரை போதும். ஆனால் ஜாயினில் ஒரு பொறி இருக்கிறது. ஆர்டர் டேபிளில் மொத்தத் தொகை 2000 என்று ஒரு வரி. பொருள் டேபிளில் அந்த ஆர்டருக்கு மூன்று வரி. இரண்டையும் ஜாயின் செய்து மொத்தத் தொகையைக் கூட்டினால் 6000 வரும். பிழைச் செய்தி எதுவும் வராது, எண் மட்டும் கம்பீரமாக நிற்கும். எனவே ஜாயினுக்கு முன்னும் பின்னும் வரிகளை எண்ணும் பழக்கம் வேண்டும்.

சான்றிதழ் பற்றியும் கேட்பீர்கள். பிசினஸ் அனலிஸ்ட்களுக்காக 2003இல் தொடங்கிய ஐஐபிஏ என்ற சர்வதேச அமைப்பு தரும் மூன்று நிலைகள் பரவலாகத் தெரிந்தவை. ஈசிபிஏ அனுபவம் இல்லாதவர்களுக்கானது. சிசிபிஏவுக்கு 3750 மணி நேர அனுபவமும் சிபிஏபிக்கு 7500 மணி நேரமும் காட்ட வேண்டும். வாரம் 40 மணி நேரமும் இதே வேலையைச் செய்தாலும் 7500ஐத் தொட மூன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும். ஆகவே புதியவர்கள் முதலாவதைத் தாண்டி யோசிக்க வேண்டாம். அதுவும் இருந்தால் நல்லது, அவ்வளவுதான்.

வேலை தேடும்போது அதைவிட அதிகம் பேசுவது நீங்கள் செய்து காட்டும் ஒரு மாதிரி வேலை. நூலகத்தில் புத்தகம் எடுப்பது, மருத்துவரிடம் முன்பதிவு செய்வது, இப்படி எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தில் பிரச்சினை, இப்போதைய நடைமுறைக்கு ஒரு படம், மாற்றத்துக்குப் பின் ஒரு படம், எட்டுப் பத்து யூசர் ஸ்டோரி, பதில் கிடைக்காத கேள்விகளின் பட்டியல். கடைசியாகச் சொன்னதை வெட்கப்பட்டு நீக்கிவிடாதீர்கள். நேர்காணல் செய்பவர் அதைத்தான் நின்று படிப்பார்.

டெஸ்டராக இருந்து வருபவருக்கு ஏழாம் நாள் இரவு பதினொன்றரை போன்ற எல்லை நிலைகளைத் தேடும் கண் ஏற்கெனவே உண்டு. சப்போர்ட்டில் இருந்தவருக்குப் புகார்களின் வேர் தெரியும். வங்கி, காப்பீடு போன்ற துறையிலிருந்து வருபவருக்கு விதிமுறைகள் அத்துப்படி. ஆனால் தனக்குத் தெரியும் என்பதாலேயே அவர் கேள்வியை விழுங்கிவிடுவார். டெவலப்பராக இருந்தவர், எதிரில் இருப்பவர் பேசி முடிப்பதற்குள் மனதுக்குள் டேபிளை வடிவமைத்துவிடுவார்.

வேலை கிடைத்துவிட்டது என்றால் முதல் வாரத்தில் ஒரு சொல்லகராதி தொடங்குங்கள். 'வாடிக்கையாளர்' என்பதிலிருந்தே தொடங்கலாம். விற்பனைத் துறைக்கு விசாரித்தவர் எல்லாம் வாடிக்கையாளர். கணக்குத் துறைக்குப் பணம் கட்டியவர் மட்டும். சப்போர்ட்டுக்குப் போன் செய்கிற யாரும். மூன்று துறையும் வாடிக்கையாளர் எண்ணிக்கை என்று மூன்று எண்களைக் கொண்டுவரும்போது, எந்த எண் எதைக் குறிக்கிறது என்று சொல்ல உங்களிடம் ஒரு தாள் இருக்கும்.

இனி உங்கள் கேள்விகளைக் கேட்கலாம். நன்றி.