எஞ்சின் தட்டுகிறதா, முட்டுகிறதா?

வணக்கம் நேயர்களே. பழைய கார்களோடு காலம் தள்ளும் பட்டறைக்காரன் என்பதால் என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். வானொலி நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்லக் கூடாதுதான். ஆனாலும் எஞ்சின் சத்தத்தைப் பிடிக்க வேண்டுமென்றால், முதலில் காரில் ஓடும் ரேடியோவை நிறுத்துங்கள்.

பொதுவாகப் பேசினால் யாருக்கும் பயன்படாது. ஒரு காரை எடுத்துக்கொள்கிறேன். மாஸ்டா எம்எக்ஸ்-5, அமெரிக்காவில் மியாட்டா என்பார்கள். 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமானது. இரண்டு இருக்கை, மடக்குகிற கூரை. முதலில் 1.6 லிட்டர் எஞ்சின், பிறகு 1.8 லிட்டரும் வந்தது. அந்த முதல் தலைமுறைக் காரை வாங்கியவர்களில் பாதிப் பேராவது என்றைக்காவது ஒரு காலையில், "எஞ்சின் போச்சு!" என்று பதறியிருப்பார்கள். பெரும்பாலும் எஞ்சின் எங்கும் போயிருக்காது.

பனிக்காலம் முழுக்க கராஜில் நின்ற கார் என்று வையுங்கள். சாவியைத் திருப்பியதும் பானெட்டுக்குள் டிக் டிக் டிக் என்று தட்டுகிறது. இதைத்தான் பட்டறையில் டேப்பெட் சத்தம் என்போம். இந்த எஞ்சினில் காற்றை உள்ளே விட்டுப் புகையை வெளியே விடும் 16 வால்வுகள். ஒவ்வொன்றின் தலையிலும் கிண்ணத்தைக் கவிழ்த்தாற்போல ஒரு டேப்பெட். அதற்குள் அழுத்தத்தோடு நிற்கும் ஆயில்தான், வால்வுகளை அழுத்தித் திறக்கும் தண்டான கேம் ஷாஃப்டுக்கும் வால்வுக்கும் நடுவில் இடைவெளி விழாமல் பார்த்துக்கொள்கிறது. கார் வாரக்கணக்கில் நின்றால் அந்த ஆயில் வடிந்துவிடும், காற்று புகுந்துவிடும். பழைய ஆயிலின் கசடு துளையை அடைத்தாலும் அதே கதைதான். இடைவெளி விழுந்ததும் இரும்பு இரும்பைத் தட்டுகிறது. காதுக்கு எரிச்சல், எஞ்சினுக்கு உடனடி ஆபத்து இல்லை.

அதே டிக் டிக் வேறு இடத்திலிருந்தும் வரலாம். எஞ்சினிலிருந்து புகையை வாங்கும் குழாய்த் தொகுதிதான் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. அதன் இணைப்பை அடைக்கும் கேஸ்கெட் வழியே புகை லேசாகக் கசிந்தாலும் இப்படியேதான் கேட்கும். சிக்கல் என்னவென்றால், இரண்டுமே எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அதிகம், சூடேறினால் குறையும். தாளமும் ஒன்றே: பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டான கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு தட்டு. அப்புறம் எப்படிப் பிரிப்பது? ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவர், ஒரு துண்டு ரப்பர் குழாய். அவ்வளவு போதும். ஸ்க்ரூடிரைவரின் முனையை கேம் மூடி மேல் வைத்து, கைப்பிடியைக் காதோரம் எலும்பில் அழுத்துங்கள். முன்னாலிருந்து பின்னால், ஒரு கேமிலிருந்து மறு கேமுக்கு, மெதுவாக நகர்த்துங்கள். டேப்பெட்டாக இருந்தால் ஏதோ ஓர் இடத்தில் உங்கள் மண்டைக்குள்ளேயே தட்டுவது போலக் கேட்கும். ரப்பர் குழாயோ இரும்பின் அதிர்வைக் கடத்தாது, காற்றின் சத்தத்தை மட்டும் கொண்டுவரும். அதன் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை மேனிஃபோல்டு ஓரமாக, தொடாமல் கொண்டுபோங்கள். கசிவு இருந்தால் புஸ் புஸ் என்று அடிக்கும். பக்கத்திலேயே கரி படிந்த தடமும் தெரியும். சட்டைக் கை, தொங்கும் அடையாள அட்டை எதுவும் ஓடுகிற பெல்ட் பக்கம் போகக் கூடாது. சொல்லாமல் விட மனம் வரவில்லை.

டேப்பெட்தான் என்று தெரிந்தால், உடனே கழற்றாதீர்கள். டிப்ஸ்டிக்கைப் பாருங்கள், ஆயில் குறைவாக இருந்தால் விடை அங்கேயே இருக்கிறது. இல்லையென்றால் சரியான தரத்தில் புது ஆயில், கூடவே நல்ல ஃபில்டர். ஃபில்டருக்குள் ஆயில் திரும்பி வடியாமல் தடுக்கும் ஒரு ரப்பர் வால்வு உண்டு. மலிவு ஃபில்டரில் முதலில் சொதப்புவது அதுதான். மாற்றிவிட்டு நெடுஞ்சாலையில் ஒரு நல்ல ஓட்டம் விடுங்கள். அதற்கும் அடங்கவில்லையென்றால்தான் டேப்பெட்டுகளைக் கழற்றிச் சுத்தம் செய்கிற வேலை. பாட்டிலில் விற்கும் அதிசய மருந்துகள் மேல் எனக்கு நம்பிக்கை குறைவு.

இப்போது பயப்பட வேண்டிய சத்தத்துக்கு வருகிறேன். அது டிக் இல்லை, டொக். அடிவயிற்றிலிருந்து வரும் கனத்த முட்டல். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் தேய்ந்தால் இப்படி வரும். ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது, நிமிடத்துக்கு 850 சுற்று என்றால் டேப்பெட் நொடிக்கு ஏழு தடவை தட்டும். பேரிங் பொதுவாகக் கிராங்கின் வேகத்திலேயே, அதைப் போல இரு மடங்காக முட்டும். எண்ணிப் பார்க்க முடியாது, ஆனால் வித்தியாசம் காதுக்குத் தெரியும். சூடேறி ஆயில் இளகினால் இது குறையாது, கூடும். உறுதிப்படுத்த, சிலிண்டருக்கு எரிபொருள் பீய்ச்சும் ஒவ்வோர் இன்ஜெக்டரின் ஒயர் இணைப்பையும் ஒரு முறை கழற்றி மாட்டுங்கள். எரிபொருள் நின்ற சிலிண்டரில் அழுத்தம் குறையும்; முட்டலும் சட்டென்று மங்கினால் ஆள் அகப்பட்டுவிட்டான். அதற்கு மேல் வீட்டுக்குக்கூட ஓட்டிப் போகாதீர்கள். இழுவை வண்டிதான்.

1990, 1991 கார்களுக்கு மட்டும் இன்னொரு பார்வை வேண்டும். தொடக்க கால 1.6 எஞ்சின்களில் கிராங்கின் முன்முனை குட்டையானது. பெல்ட் ஓடும் புல்லியை அங்கே பிடித்திருக்கும் பெரிய போல்ட் தளர்ந்தால், புல்லி நழுவாமல் இருக்க வெட்டிய பள்ளம் (கீவே) தேய்ந்து அந்த முன்பக்கப் புல்லி ஆடத் தொடங்கும். எஞ்சின் ஓடும்போது டார்ச் அடித்துப் பாருங்கள். புல்லி சுற்ற வேண்டும், தள்ளாடக் கூடாது.

இந்தக் காரை வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. விற்பவரின் வீட்டுக்குப் போனதும் முதலில் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருமுன்பே ஓட்டிச் சத்தத்தை அடக்கியிருக்கலாம். "நாளைக்குக் காலையில் வருகிறேன், அதுவரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்; விலையை அப்புறம் பேசலாம். நன்றி, வணக்கம்.