அடைத்த பல்லில் பள்ளம் எதற்கு? கார்வர் என்னும் குட்டி உளியின் கதை

[திரையில்: எஃகுத் தட்டில் நான்கு கருவிகள்]

வணக்கம். சொத்தையைச் சுரண்டிவிட்டுக் குழியை நிரப்பி மட்டமாகத் தடவிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள், நாக்கின் நுனியால் கடைவாய்ப் பல்லின் மேற்பரப்பை ஒருமுறை தடவிப் பாருங்கள். மேடும் பள்ளமும் ஓடையுமாக அங்கே ஒரு சிறு மலைநாடே இருக்கிறது. அடைத்த பிறகும் அந்த நிலப்பரப்பு அப்படியே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முறுக்கு அரைபடாது, நசுங்கத்தான் செய்யும்.

பற்குழியின் வடிவத்துக்கும் கருவிகளின் அளவுகளுக்கும் ஒழுங்கான முறை வகுத்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்கப் பல் மருத்துவர் ஜி. வி. பிளாக் (1836–1915). வரலாறு இவ்வளவு போதும், தட்டுக்கு வருவோம்.

[திரையில்: கார்வரின் இரு முனைகளும் அருகில்]

இதன் பெயர் டிஸ்காய்டு-கிளியாய்டு கார்வர். ஒரு முனை வட்டத் தகடு, மறுமுனை பறவையின் நகம். வெள்ளி அடைப்பு என்று நாம் சொல்லும் அமால்கத்தில் ஏறத்தாழப் பாதி பாதரசம். மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு ஆகியவற்றின் தூள். அதைக் குழியின் விளிம்புக்குச் சற்று மேலேயே நிற்கும்படி அழுத்தி நிரப்பிவிட்டு, மருத்துவர் காத்திருக்கிறார். அவசரப்பட்டுச் செதுக்கினால் அமால்கம் கொத்தாகப் பெயர்ந்து வரும். தாமதித்தால் உளி இறங்காது. பதம் வந்ததைக் காது சொல்லிவிடும்: கத்தி உரசும்போது கீச்சென்ற மெல்லிய ஒலி எழும். பாகு பதம் பார்ப்பதைப் போன்ற இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது.

அடுத்த நுணுக்கம் இதைவிட அழகு. கத்தியின் பாதி எனாமலின் மீதும் மறுபாதி அமால்கத்தின் மீதும் இருக்குமாறு வைத்து, விளிம்பை ஒட்டியே இழுக்கிறார்கள். சுவரில் முன்கூட்டியே வைத்த மட்டப் புள்ளிகளின் மீது கொத்தனார் மட்டப்பலகையை ஓட்டுகிறார் அல்லவா, அதே தந்திரம்தான். இங்கே மட்டம் காட்டுவது உங்கள் சொந்தப் பல். ஓரத்தில் மெல்லிய தகடாக அமால்கம் மிஞ்சினால் பின்னாளில் அது உடைந்து இடுக்கு விழும் என்பதால் இவ்வளவு கவனம். பிறகு நக முனை ஓடைகளை வரைகிறது. பற்களின் இடைப்பக்கத்துக்கு, ஈட்டி முனை கொண்ட ஹாலன்பேக் கார்வர். உருண்டை முனை கொண்ட பர்னிஷர் எதையும் வெட்டாது, தேய்த்து வழவழப்பாக்கும்.

[திரையில்: பொன்னிறக் கருவி]

ஐரோப்பிய ஒன்றியம் 2025 முதல் அமால்கத்தைப் பெரும்பாலும் தடை செய்துவிட்டது. அதற்குப் பதிலாக வைக்கும் பல் நிறப் பிசின் அடைப்பான கம்போசிட்டில் கதை தலைகீழ்: நீல ஒளி படும்வரை அது பெரிதும் இறுகாது என்பதால், சுமார் 2 மில்லிமீட்டர் அடுக்குகளாக வைத்து, குயவரைப் போல வனையலாம். தொல்லை என்னவென்றால், கருவியில் ஒட்டிக்கொண்டு கூடவே எழுந்து வந்துவிடும். ஆகவே டைட்டானியம் நைட்ரைடு பூசிய கருவிகள் வந்தன. அந்தப் பொன்னிறம் தங்கம் அல்ல. கட்டணத்தைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டாம்.

கடைசியில், நிறத்தாளைக் கடிக்கச் சொல்வார்கள். அழுத்தமாக மை பதிந்த மேட்டை மட்டும் சீவுவார்கள். மரத்துப்போன வாயோடு எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வருவோரே அதிகம். மரப்பு தெளிந்தபின் அந்தப் பல் மட்டும் முதலில் இடிப்பதாகத் தோன்றினால், திரும்பச் சென்று சொல்லுங்கள். பெரும்பாலும் ஒரு சிறு சீவலோடு வேலை முடிந்துவிடும்.