டொமைன் பதிவு யார் பெயரில் இருக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம். ஒரு சங்கமோ சிறு வியாபாரமோ இணையதளம் தொடங்கும்போது, "டொமைன்", அதாவது தளத்தின் இணையப் பெயர், "வாங்கிவிட்டோம்" என்று சொல்வது வழக்கம். உண்மையில் யாரும் அதை வாங்குவதில்லை. ஆண்டுக் கணக்கில் பதிவு செய்துகொள்கிறோம். ஒரே தடவையில் அதிகபட்சம் 10 ஆண்டு. உரிமைகள் எல்லாம் அந்தப் பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான்.

பல இடங்களில், தளத்தை அமைத்துக் கொடுத்தவர் தன் பெயரிலேயே, தன் மின்னஞ்சலிலேயே பதிவு செய்துவிடுகிறார். பணம் கொடுத்தது நீங்களாக இருக்கலாம். தகராறு என்று வந்தால், ரெஜிஸ்ட்ரார், அதாவது பெயரைப் பதிவு செய்து தரும் நிறுவனம், முதலில் பார்ப்பது பதிவைத்தான். இன்றே உங்கள் கணக்கைத் திறந்து பதிவுதாரர் பெயரைப் பாருங்கள். மின்னஞ்சலையும் பாருங்கள். அது அதே டொமைனில் உள்ள முகவரியா? அப்படியானால் உடனே மாற்றுங்கள். பதிவு காலாவதியாகி டொமைன் நின்றால் அஞ்சலும் சேர்ந்து நின்றுவிடும். கடைசி எச்சரிக்கை உங்கள் கைக்கு வராது.

டாட் காம், டாட் ஆர்க் போன்ற பொதுப் பெயர்களுக்கு, இணையப் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பின் விதிகள் உண்டு. (நாட்டுக் குறியீட்டுப் பெயர்களுக்கு அந்தந்த நாட்டு விதிகள், அது வேறு.) காலாவதிக்குச் சுமார் ஒரு மாதம் முன்பு ஒன்று, ஒரு வாரம் முன்பு ஒன்று, முடிந்த ஐந்து நாளுக்குள் இன்னொன்று என்று ரெஜிஸ்ட்ரார் நினைவூட்ட வேண்டும். பெயர் நீக்கப்பட்ட பிறகும் 30 நாள் மீட்புக் காலம் இருக்கிறது, கட்டணம்தான் கூடுதல். நிறுவனம் பிடிக்கவில்லை என்றால் வேறு நிறுவனத்துக்கு மாறலாம். மாறுவதற்கான குறியீட்டைக் கேட்ட ஐந்து நாளுக்குள் தர வேண்டும். புதிதாகப் பதிவு செய்து 60 நாள் ஆகவில்லை என்பது போன்ற சில காரணங்களுக்காக மாற்றத்தை மறுக்க இடமுண்டு. இத்தனையும் பதிவுதாரருக்கு. மறுபடியும் சொல்கிறேன், பதிவுதாரருக்கு.

இந்த விதிகள் எப்படி மாறுகின்றன என்பதற்கு டாட் ஆர்க் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். தொண்டு நிறுவனங்கள் பெரிதும் நம்பியிருக்கும் பெயர் அது. நிர்வகிப்பது பப்ளிக் இன்டரஸ்ட் ரெஜிஸ்ட்ரி என்ற லாபநோக்கற்ற அமைப்பு. ரெஜிஸ்ட்ரார்களிடம் அது வாங்கும் மொத்த விற்பனை விலையை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் கூட்டக்கூடாது என்று ஒரு வரம்பு இருந்தது. 2019 ஜூனில் புதிய ஒப்பந்தத்தில் ஐகான் அதை எடுத்துவிட்டது. பொதுக் கருத்துக்கு வந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்களில் பெரும்பாலானவை எதிர்த்தும் பயனில்லை. அதே ஆண்டு நவம்பரிலேயே பப்ளிக் இன்டரஸ்ட் ரெஜிஸ்ட்ரியை ஈத்தோஸ் கேப்பிடல் என்ற தனியார் முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கப்போவதாக அறிவிப்பு வந்தது. விலை 113.5 கோடி டாலர். அதில் 36 கோடி டாலர் கடன், அந்த லாபநோக்கற்ற அமைப்பின் தலையிலேயே ஏறும் ஏற்பாடு! கடனை அடைக்கப் பணம் எங்கிருந்து வரும்? பெயர் பதிந்தவர்களிடமிருந்துதான். தொண்டு நிறுவனங்கள் கொதித்தெழுந்தன. கலிபோர்னியா மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலும் எதிர்த்துக் கடிதம் எழுதினார். 2020 ஏப்ரல் 30 அன்று ஐகான் ஒப்புதல் மறுத்தது. விற்பனை நின்றது. விலை வரம்பு மட்டும் திரும்பி வரவில்லை. முதல் தடவை கடிதங்கள் ஒப்பந்த அறையின் வாசலோடு நின்றன. இரண்டாம் தடவை சட்ட அதிகாரமும் சேர்ந்து பேசியது என்பது என் கணிப்பு.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். கருத்து எழுதுவது எப்படி என்று விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கிச் சொல்கிறேன். வரைவு விதிகள் ஐகான் தளத்தில் வழக்கமாக 40 நாள் அளவில் கருத்துக்குத் திறந்திருக்கும். எந்தப் பிரிவு, அதனால் உங்களுக்கு என்ன நட்டம், என்ன வாசகம் வேண்டும், இந்த மூன்றையும் ஒரு பக்கத்தில் எழுதுங்கள். ஒரே வார்ப்பில் நூறு பேர் அனுப்புவதைவிட, தம் அனுபவத்தோடு பத்துப் பேர் எழுதுவதற்குக் கனம் அதிகம். இன்னொன்று: பதிவகம், அதாவது டாட் ஆர்க் போன்ற பெயரை நிர்வகிக்கும் அமைப்பு, புதுப்பிப்பு விலையை உயர்த்த ரெஜிஸ்ட்ரார்களுக்கு ஆறு மாத முன்னறிவிப்பு தர வேண்டும். அந்தச் செய்தி தெரிந்ததும், புது விலை அமலாகும் முன்பே புதுப்பித்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.