செய்யாத வேலையின் கனம்

அவையோருக்கு வணக்கம்.

அன்றாட வேலைகளைச் சுறுசுறுப்பாக முடிப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். தலைப்பைப் பார்த்ததும், விடியற்காலை நாலு மணிக்கு எழுந்திருக்கச் சொல்லப்போகிறான் என்று நினைத்துத்தானோ என்னவோ, பின்வரிசை முதலில் நிரம்பியிருக்கிறது. தைரியமாக முன்னால் வாருங்கள். யாரையும் எழுப்பப்போவதில்லை.

உங்கள் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். 'வண்டி இன்சூரன்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். மூன்று வாரமாக அங்கேயே கிடக்கும். உட்கார்ந்தால் கால் மணி நேர வேலை. ஏன் நகரவில்லை? சோம்பலால் என்று நான் நினைக்கவில்லை. 'வண்டி இன்சூரன்ஸ்' என்பது வேலையே இல்லை, வெறும் தலைப்பு. அதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எங்கே தொடங்குவது என்று முதலிலிருந்து யோசிக்க வேண்டியிருக்கிறது. யோசிக்க அலுத்துப்போய் அடுத்த வரிக்குத் தாவிவிடுகிறோம். அதையே 'போன வருட மெயிலில் பாலிசி எண்ணைத் தேடு' என்று எழுதிப் பாருங்கள். இது கை செய்யக்கூடிய வேலை. பாலிசி எண் கிடைத்துவிட்டால், மீதி பெரும்பாலும் தானாக நடந்துவிடும்.

பெர்லினில் புளூமா ஸைகார்னிக் என்ற உளவியலாளர் 1927-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். களிமண் உருவம் செய்வது, புதிர் போடுவது என்று சிறுசிறு வேலைகளைக் கொடுத்து, சிலவற்றைப் பாதியில் நிறுத்தினார். முடித்த வேலைகளைவிடப் பாதியில் நின்றவைதான் அதிகம் நினைவில் தங்கின. பின்னால் இதைச் செய்து பார்த்த எல்லோருக்கும் இதே விடை கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது 2011-இல் மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரு உளவியலாளர்கள் கண்டது: குறுக்கே வந்து தொந்தரவு செய்யும் நினைப்பை அடக்க, வேலையை முடித்தாக வேண்டும் என்பதில்லை, எப்போது, எப்படிச் செய்வது என்று தெளிவாகத் திட்டமிட்டாலே அது அடங்கிவிடுகிறது. 2018-இல் வந்த இன்னொரு ஆய்வில், படுக்கப்போகும் முன் ஐந்து நிமிடம் செய்யவேண்டியதை எழுதிவைத்தவர்கள், செய்து முடித்ததை எழுதியவர்களைவிடச் சீக்கிரம் தூங்கினார்கள். 57 பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான். ஆனால் பேனாவுக்கும் தாளுக்கும் பெரிய செலவில்லையே!

நேரக் கணக்கில் மட்டும் உங்களை நீங்களே நம்பாதீர்கள். 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே கோளாறானால்? 49 நாள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல்! ஒரு நாளுக்குப் பத்து வேலை எழுதுபவர், ஐந்தை அடித்துவிட்டு எழுதலாம்.

இன்னொன்று சொல்லிவிட்டு இறங்குகிறேன். வீட்டில் பலர் இருந்தாலும் பட்டியல் ஒருவர் தலையில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. "சொல்லியிருந்தால் செய்திருப்பேனே" என்று மற்றவர் சொல்வது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நினைவில் வைத்திருந்து, நேரம் பார்த்து, முகம் பார்த்துச் சொல்வதும் வேலைதான், ஐயா. அது யார் கணக்கில் ஏறுகிறது? வேலையைப் பிரித்தால் முழுசாகப் பிரியுங்கள். துணி துவைப்பது உங்கள் பொறுப்பு என்றால், சோப்புத்தூள் தீரப்போவதைக் கவனிப்பதும் உங்கள் பொறுப்புதான். முதல் மாதத்தில் ஒருநாள் சோப்புத்தூள் இல்லாமல் போகத்தான் செய்யும். அதை முன்பே பார்த்துவிட்டும் வாயைத் திறக்காமல் இருப்பது இன்னொருவருக்குப் பெரும்பாடு. இருக்கட்டும், ஒரு நாள் அழுக்குச் சட்டையோடு போகட்டும்.