மரவள்ளி மாவும் முடங்கிப் போகும் கால்களும்: கோன்சோ

எல்லோருக்கும் வணக்கம். இன்றைக்குக் கோன்சோ என்கிற நோயைப் பற்றிப் பேசப் போகிறேன். நேற்றுவரை ஓடி விளையாடிய பிள்ளைக்குத் திடீரென்று இரண்டு கால்களும் விறைத்துப் போகும். அப்புறம் கம்பை ஊன்றி, முட்டிகள் உரச, முன்பாதத்தால்தான் நடக்க முடியும். சிலருக்கு அந்த நடையும் இல்லை, தவழ வேண்டியதுதான். போன கால் திரும்ப வராது, மருந்தும் கிடையாது. பெரும்பாலும் சிறுவர்களுக்கும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கும்தான் வருகிறது.

காங்கோவின் குவாங்கோ பகுதியில் இந்த நோய் இருப்பதை 1938-இலேயே த்ரோல்லி என்ற மருத்துவர் எழுதிவிட்டார். 1981-இல் மொசாம்பிக்கின் நம்புலா மாகாணத்தில் 1000 பேருக்கு மேல் முடங்கினார்கள். அதை ஆராய்ந்தவர்களில் ஒருவர், அங்கே வேலை பார்த்த ஸ்வீடன் மருத்துவர் ஹான்ஸ் ரோஸ்லிங்.

காரணம் கசப்பு மரவள்ளி. அதிலிருக்கும் லினமாரின் என்ற இயற்கைப் பொருள் சயனைடு நஞ்சாக மாறும். கிழங்கை மூன்று நான்கு நாள் தண்ணீரில் ஊறப்போட்டால் பெரும்பகுதி போய்விடும். இது அந்த ஊர்ப் பெண்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த விஷயம். தெரியாமல் செய்கிறார்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். மழை பொய்த்தால் கிழங்கில் நஞ்சு கூடுகிறது. வீட்டில் வேறு தானியமே இல்லை, பிள்ளைகள் பசியில் அழுகிறார்கள். அப்போது ஊறவைக்கும் நாள் குறைந்துவிடுகிறது. மீன், பயறு இருந்தால் அதிலுள்ள கந்தகச் சத்தை வைத்து உடம்பே சயனைடை ஓரளவு முறித்துவிடும். வாரக்கணக்கில் மரவள்ளி மட்டுமே என்றால் அதற்கும் வழியில்லை.

நம் ஊரில் அவித்துச் சாப்பிடும் ரகங்களில் நஞ்சு குறைவு. கூட குழம்போ மீனோ இருக்கும். அதனால் பயப்பட வேண்டாம்.

சரி, தீர்வுக்கு வருவோம். ஆஸ்திரேலியாவில் ஹோவர்ட் பிராட்பரி என்ற வேதியியலாளர் ஓர் எளிய வழியைக் கொண்டுவந்தார். பாத்திரத்தில் மரவள்ளி மாவைப் போட்டு, மாவு நிற்கும் இடத்தில் உட்பக்கம் ஒரு கோடு. தண்ணீர் விட்டுப் பிசைந்தால் மட்டம் முதலில் இறங்கும், பிறகு ஏறும். கோட்டைத் தொட்டதும் நிறுத்திவிட்டு, பாயில் மெல்லிசாகப் பரப்ப வேண்டும். வெயிலில் 2 மணி நேரம், நிழலில் 5 மணி நேரம். நஞ்சு வாயுவாகப் பறந்துவிடும். அன்றைக்கே களி கிண்டிவிடலாம். கருவி எதுவும் வேண்டாம், செலவும் இல்லை.

காங்கோவின் கே கலெண்டா கிராமத்துப் பெண்கள் இதைச் செய்யத் தொடங்கினார்கள். அங்கே கண்காணித்த காலத்தில் புதிதாக ஒருவருக்கும் கோன்சோ வரவில்லை. களியில் கசப்பும் போய்விட்டதால் பக்கத்து ஊர்க்காரர்களுக்கும் அவர்களே சொல்லிக்கொடுத்தார்கள்.