சேப்பாக்கத்து வேதாரண்யம்

வணக்கம் நண்பர்களே. சேப்பாக்கத்தில், சென்னைப் பல்கலைக்கழக வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பின்னால் தெரிவது ராபர்ட் சிஸ்ஹோம் வடிவமைத்து 1879-இல் கட்டி முடிக்கப்பட்ட செனட் ஹவுஸ். கட்டடத்தைப் பற்றி இன்னொரு நாள் பேசுவோம்; இன்று பேச வந்தது, இங்கே என்னோடு முதுகலை வரலாறு படித்த ஒரு நண்பனைப் பற்றி. அவனுக்கு அழகான பெயர் உண்டு. ஆனால், வகுப்பில் யாரும் அதைச் சொன்னதில்லை. சொந்த ஊரின் பெயரான 'வேதாரண்யம்' என்பதே அவன் பெயராகிவிட்டது.

இங்கிருந்து சேப்பாக்கம் ரயில் நிலையத்துக்குப் பொடிநடையாகப் போய்விடலாம். அவனோடு போனால் முக்கால் மணி நேரம் ஆகும். வாசல் காவலாளியிடம் நின்று, "அண்ணே, பொண்ணுக்கு கவுன்சிலிங் என்னைக்குன்னு சொன்னாங்க?" என்பான். ஜெராக்ஸ் கடை அக்காவின் மாமியாருக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்ததா என்று விசாரிப்பான். சுண்டல் விற்கும் பையனிடம் ஒரு பொட்டலம் வாங்கி, அதை அவனோடே பங்கிட்டுத் தின்பான். இதில் நான் வியந்தது அவன் கேட்ட கேள்விகளை அல்ல, அவர்கள் சொன்ன பதில்களை அவன் மறக்காமல் வைத்திருந்ததைத்தான். மூன்று வாரம் கழித்து, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடங்குவான். அவனால் நான் கடைசி ரயிலைத் தவறவிட்ட இரவுகளும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொரு குறையும் உண்டு. என் பொருள், உன் பொருள் என்ற பேதம் அவனுக்குக் கிடையாது. தேர்வுக்கு முந்தைய வாரம் என் குறிப்பேட்டை வாங்கிச் சென்றான். அது திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் அறை அறையாகச் சுற்றி, நான் முன்பின் பார்த்திராத ஒருவர் கையால், ஓரங்களில் வேறொருவர் எழுதிய திருத்தங்களோடு திரும்பி வந்தது. திருத்தங்கள் சரியாகவே இருந்தன என்பதால் என்னால் சண்டைகூடப் போட முடியவில்லை.

இந்தக் குணம் படிப்புக்கு உதவாது என்றுதான் நாங்கள் நினைத்தோம். ஆய்வேட்டுக்கு அவன் எடுத்துக்கொண்ட பொருள் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகம். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் ஏறத்தாழ நூறு பேர் திருச்சியிலிருந்து நடந்தார்கள். அவர்களுக்குச் சோறு போட்டாலோ இடம் கொடுத்தாலோ தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் எச்சரித்ததும், மக்கள் உணவுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டதும் பலரும் அறிந்த கதை. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் நாள் முழுவதும் அமர்ந்து கோப்புகளைப் புரட்டிவிட்டு வந்த மாலையில், அவன் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான்: "கலெக்டர் பேரு இருக்குடா, கட்டித் தொங்கவிட்டவங்க பேரு இல்லையே."

அந்தக் கோடை விடுமுறையில் அவன் கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று அந்தப் பழைய நடைவழியிலேயே போனான். இரண்டு நாள் நானும் உடன் சென்றேன். எந்தத் திண்ணையிலும் அவன் குறிப்பேட்டை முதலில் எடுக்கவில்லை; மாட்டுக்கு என்ன தீனி, பேரன் எந்த ஊரில் வேலை என்று ஊர்க்கதை பேசி முடித்து, அவர்களே "தம்பி எதுக்கு வந்தீங்க?" என்று கேட்ட பிறகுதான் பேனாவைத் திறந்தான். தன் தாய் சொல்லக் கேட்டதாக ஒரு பாட்டி பேசத் தொடங்கியபோது, அவன் முதலில் கேட்டது அந்தத் தாயின் பெயரை. ஆய்வேட்டின் பின்னிணைப்பில் பதினொரு பெண்களின் பெயர்கள் இருக்கின்றன. வாய்மொழித் தேர்வில் அந்தப் பக்கத்தில்தான் பேராசிரியர்கள் வெகுநேரம் நின்றார்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அவன் சென்னைக்கு வருகிறான். திருவல்லிக்கேணி ரத்னா கபேயில், சாம்பாரில் முங்கிய இட்லியோடு அவனை உங்களுக்கு அறிமுகப்படுத்துவதாக ஏற்பாடு. ரயில் நிலையத்திலிருந்து கடைவரை அவன் யார் யாரிடம் நிற்பான் என்று தெரியாததால், கேமராவுக்கு இரண்டு பேட்டரி கூடுதலாக எடுத்துச் செல்லப் போகிறேன்.